பழைய டயரின் வயதும் தேய்மானமும்

தை பிறப்பதற்கு முன்னும் ஆடிப் பதினெட்டுக்கு முன்னும் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குப் புறப்படும் காட்சியைக் காண விரும்புவோர், விடியற்காலையில் ஓசூர்ச் சாலையில் சில்க் போர்டு சந்திப்பின் அருகே சிறிது நேரம் நின்றால் போதும். அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் மர்பி டவுனிலிருந்தும் வரும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அத்திப்பள்ளியை நோக்கி விரையும். பின்னிருக்கையில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் நெருங்கி அமர்ந்திருப்பர். மடியில் புளிச்சோற்றுத் தூக்கு. காலடியில் தண்ணீர்ப் புட்டிகள். இவ்வண்டிகளுள் பல, முன்னொருவர் ஓட்டிக் கைமாறி வந்தவை. வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் ஆகிய மூன்றும் போக எஞ்சியதைச் சேர்த்து வாங்கிய பழைய வண்டியே நம்மவர் பலருக்கு முதல் வண்டியாகும்.

பழைய வண்டி வாங்கியவர் அடுத்த ஆண்டிலேயே டயருக்காகப் பையைத் திறக்க வேண்டியிருக்கிறது. நான்கு புதிய டயர்களின் விலையைக் கேட்டவர் சற்று மலைத்து நிற்பது இயல்பே. அவ்வேளையில் யாரேனும் ஒரு நண்பர், "ஜே.சி. சாலைக்குப் போங்கள், கலாசிப்பாளையத்தில் கேளுங்கள், சிவாஜி நகரில் விசாரியுங்கள், நல்ல பழைய டயர் பாதி விலைக்குக் கிடைக்கும்" என்று வழி சொல்லுவார். நண்பர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் எது நல்ல டயர் என்பதை அறியும் வழியை அந்நண்பர் சொல்லுவதில்லை. நமக்கும் ஒருவரும் சொல்லவில்லை. அதனால் நேர்ந்ததை முதலில் கூறிவிடுகிறோம்.

2019ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னர் நமது வண்டிக்கு இரண்டு பழைய டயர்கள் வாங்கினோம். கடையின் பெயரும் தெருவின் பெயரும் வேண்டா. கடைக்காரர் இனியவர், தமிழும் கன்னடமும் உருதும் கலந்து பேசினார், தேநீரும் வரவழைத்தார். டயர்கள் கன்னங்கரேலென்று பளபளத்தன. பட்டன் ஏறக்குறைய முழுமையாக இருந்தது. வரிப்பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தோம். விரல் ஆழமாக இறங்கியது. அதற்குமேல் என்ன பார்க்க வேண்டும் என்பதே நமக்குத் தெரியாது. பேரம் பேசி முந்நூறு ரூபாய் குறைத்ததை ஒரு வெற்றியாகவே எண்ணி வீடு திரும்பினோம்.

கிருஷ்ணகிரியைத் தாண்டிக் காவேரிப்பட்டணத்தை நெருங்கும்போது வண்டியின் பின்புறத்தில் மெல்லிய அதிர்வு ஒன்று தோன்றியது. சாலையின் குறை என்று எண்ணினோம். சற்று நேரத்தில் சக்கரக் கூட்டில் யாரோ உலக்கையால் இடிப்பது போன்ற ஓசை எழுந்தது. வண்டி ஒருபுறம் இழுத்தது. வேகம் குறைவாக இருந்தமையாலும், பின்னால் லாரி ஏதும் நெருங்கி வராமையாலும் சாலையோரம் ஒதுங்க முடிந்தது. இறங்கிப் பார்த்தால் டயர் வெடிக்கவில்லை. அதன் மேற்பட்டை, வாழை மட்டை உரிந்ததுபோல் ஒரு முழ நீளம் உரிந்து தொங்கிக் கொண்டிருந்தது. உள்ளிருந்த கம்பிவலை வெளியே தெரிந்தது. பட்டனோ அப்போதும் புத்தம் புதிது போலவே இருந்தது! இன்னும் சிறிது நேரம் சென்றிருந்தால் தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் இருந்திருப்போம். அந்த இறக்கத்தில் சரக்கு லாரிகள் எவ்வாறு வரும் என்பதைச் சேலம் வழி செல்லும் அன்பர்கள் அறிவர்.

பஞ்சர்க் கடைத் தம்பி ஒருவர் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். டயரைக் கழற்றிப் புரட்டி, வண்டியின் அடிப்பக்கம் நோக்கியிருந்த முகத்தைத் துடைத்து, ஒரு சிறு முட்டைவடிவக் கட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைக் காட்டினார்: 1407.

"என்ன தம்பி இது? விலையா?"

"பிறந்த தேதிங்க சார். 2007ஆம் வருஷம், 14ஆவது வாரம். இந்த டயருக்குப் பன்னிரண்டாவது வயசு நடக்குது. யாரோ ஸ்டெப்னியாகவே வெச்சிருந்து வித்திருக்காங்க. ஓடவே இல்லை, அதான் பட்டன் தேயலை."

பட்டனைப் பார்த்து வாங்கிய நமக்கு அன்றுதான் முதற்பாடம் கிடைத்தது. தேய்மானம் வேறு, வயது வேறு. ஓடிய தூரத்தைப் பட்டன் காட்டும். கடந்த காலத்தை அது காட்டாது.

அந்த நான்கு எண்களைப் பற்றி விரிவாகவே சொல்லுவோம். டயரின் பக்கச்சுவரில் எழுத்தும் எண்ணும் நிறைந்திருக்கும். அவற்றுள் 'டாட்' என்ற மூன்றெழுத்தில் தொடங்கும் ஒரு வரிசை உண்டு. சில டயர்களில் அவ்வெழுத்துகள் இன்றி எண்கள் மட்டும் தனியே பொறிக்கப்பட்டிருக்கும். வரிசையின் இறுதியில் வரும் நான்கு எண்களுள் முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆம் வாரம், அதாவது ஆகஸ்டு மாத இறுதி அல்லது செப்டம்பர் மாதத் தொடக்கம். முதலிரண்டு எண்கள் 53-ஐ மிஞ்சுதல் இயலாது. மிஞ்சினால் அஃது தேதியன்று, வேறேதோ குறி. 2000ஆம் ஆண்டுக்கு முன் மூன்று எண்களே பொறித்தனர். இன்று எவரேனும் மூன்றெண் டயரைக் காட்டினால் அதனை விலை கேட்கவும் வேண்டா. கால் நூற்றாண்டைக் கடந்த பொருள் அது.

முழுத் தேதி பெரும்பாலும் ஒரு பக்கச்சுவரில் மட்டுமே இருக்கும். கடையில் அடுக்கி வைத்த டயரில் அம்முகம் கீழே இருக்கலாம். வண்டியில் மாட்டிய டயரில் அது உட்புறம் இருக்கலாம். ஆகவே இரு முகங்களையும் திருப்பிக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை, கூச்சமும் வேண்டா. தேதி இருக்க வேண்டிய இடம் தேய்க்கப்பட்டிருந்தாலோ சுரண்டப்பட்டிருந்தாலோ அந்த டயரை அங்கேயே விட்டுவிடுக. பிறந்த நாளை மறைக்கும் டயருக்கு மறைக்கத் தக்க வயது இருக்கத்தான் செய்யும்.

ஓடாத டயர் ஏன் கெடுகிறது என்ற ஐயம் எழும். ரப்பர் என்பது இரும்பைப் போன்றதன்று. உயிருள்ள மரத்தின் பாலிலிருந்து வந்தது. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் உடையும். 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் அதனைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் உறுதிபெறும் என்று கண்டார். 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயரைச் செய்தார். ஆயினும் கந்தகம் கட்டிய கட்டும் என்றென்றைக்கும் நிற்பதன்று. காற்றிலுள்ள பிராணவாயு ரப்பரை மெல்ல மெல்லக் கெட்டிப்படுத்துகிறது. ஓசோன் மேற்பரப்பில் வெடிப்புகளை உண்டாக்குகிறது. வெயிலும் வெப்பமும் இவ்விரண்டையும் விரைவுபடுத்துகின்றன. இவற்றைத் தடுக்கவே டயர் செய்வோர் ரப்பரில் ஒருவகை மெழுகையும் காப்பு மருந்துகளையும் கலக்கின்றனர். டயர் உருளும்போது அது நெளிகிறது. நெளியும்போது அம்மெழுகு மேற்பரப்புக்குக் கசிந்து வந்து போர்வைபோல் மூடுகிறது. ஓடாமல் கிடக்கும் டயரில் இந்தக் கசிவு குறைவு. டிக்கியின் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் அடைபட்ட ஸ்டெப்னியும், கடை வாசலில் வெயிலில் மாதக்கணக்கில் நிற்கும் டயரும் வெளிக்கு இளமையாகத் தோன்றியபடியே உள்ளே முதுமை அடைவதன் காரணம் இதுதான். ரப்பரும் கம்பிவலையும் ஒட்டியிருக்கும் இடத்தில் பிடிப்பு தளர்கிறது. பிறகு ஒரு நெடும்பயணம், ஒரு நண்பகல் வெயில், நான்கு பேர் பாரம் ஆகியவை சேர்ந்தால் பட்டை உரிந்துவிடுகிறது.

ரப்பரைப் பற்றிப் பேசுகையில் புலம்பெயர்ந்தோர் இதழில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் ஒப்பவில்லை. 1876இல் ஹென்றி விக்கம் என்பார் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கைக்கும் பின்னர் மலேயாவுக்கும் சென்றன. அந்த மரங்களின்பின் நம்மவரும் சென்றனர். உலகத்தின் மோட்டார் வண்டிகள் ஓடுவதற்கு, விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்களுள் பெருந்தொகையினர் தமிழர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. கீழ்த்திசை ரப்பரில் பெரும்பகுதி நேச நாடுகளுக்குக் கிட்டாமல் நின்றது. பெருஞ்செல்வ நாடாகிய அமெரிக்காவே டயரைப் பங்கீட்டுப் பொருளாக்கி, டயர் தேயாதிருக்க வேண்டி மணிக்கு 35 மைலுக்கு மேல் வண்டி ஓட்டலாகாது என்று அவ்வாண்டிலேயே கட்டுப்பாடு விதித்தது. நம் இல்லத்துப் பெரியவர்கள் சிலர் தேய்ந்த டயரையும் எளிதில் எறிய மனமின்றி இருப்பது அக்காலத்துப் பழக்கத்தின் எச்சமோ என்று நாம் எண்ணுவதுண்டு.

வயதுக்கு வரம்பு என்ன? நம் நாட்டில் பெரும்பாலோர் கருதுவதுபோல் அது வெறும் எச்சரிக்கைக்காரர்களின் அச்சமன்று. கார் செய்வோர் பலர் ஆறு ஆண்டு என்கின்றனர். டயர் செய்யும் மிஷெலின் நிறுவனம், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தவரிடம் காட்டுக என்றும், எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் பத்தாண்டில் மாற்றிவிடுக என்றும் அறிவுறுத்துகிறது. இங்கிலாந்தில் 2012 செப்டம்பரில் ஓர் இசைவிழாவிலிருந்து லிவர்பூலுக்குத் திரும்பிய பேருந்து, சரே வட்டாரத்தில் முன் சக்கர டயர் பழுதுபட்டு மரத்தில் மோதியது, மூவர் இறந்தனர். அந்த டயரின் பட்டன் சட்டம் கேட்கும் அளவுக்குக் குறையவில்லை. அதன் வயதோ பத்தொன்பது ஆண்டுக்கு மேல். பேருந்தைவிட டயர் மூத்தது! மகனை இழந்த தாய் ஒருவர் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 2021 பிப்ரவரி 1 முதல் அந்நாட்டில் லாரி, பேருந்துகளின் முன் அச்சில் பத்தாண்டு கடந்த டயர் கூடாது என்பது சட்டம்.

பழைய டயர் வாங்குவோர்க்கு நாம் சொல்லும் கணக்கு இதனினும் கடுமையானது. நாம் வாங்கும் நாளோடு அதன் வாழ்வு முடிவதில்லை. இன்னும் இரண்டு மூன்று ஆண்டு ஓட்டத்தானே வாங்குகிறோம்? ஆதலின் வாங்கும் நாளில் மூன்று வயதுக்குட்பட்டதாயின் மகிழ்ச்சி. நான்கு வயதாயின் மற்றவை எல்லாம் நன்றாக இருந்தால் எடுக்கலாம். ஐந்தைத் தாண்டியதை இலவசமாகக் கொடுத்தாலும் நெடுஞ்சாலைக்கு வேண்டா.

இனித் தேய்மானத்துக்கு வருவோம். புதிய கார் டயரின் வரிப்பள்ளம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் காருக்கு 1.6 மில்லிமீட்டரும், இருசக்கர, மூன்றுசக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டரும் குறைந்த அளவு என்கின்றன. அமெரிக்கர் ஒரு செப்புக் காசைப் பள்ளத்தில் செருகி லிங்கனின் தலை மறைகிறதா என்று பார்ப்பர். நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஒரு தீக்குச்சியும் பிள்ளையின் பள்ளிக்கூட அளவுகோலும் போதும். குச்சியை மருந்தில்லாத முனையால் பள்ளத்தின் அடிவரை இறக்கி, மேல்மட்டத்தில் கட்டைவிரல் நகத்தால் பிடித்து எடுத்து அளந்து பார்க்க வேண்டும். டயரின் குறுக்கே உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடங்களிலும், சுற்றிலும் மூன்று இடங்களிலுமாக ஒன்பது அளவு எடுத்தால் கடைக்காரரே உங்களை மதிப்பார்.

பள்ளங்களின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். அவை 1.6 மில்லிமீட்டர் உயரமுடைய தேய்மான அடையாளங்கள். பட்டன் தேய்ந்து அம்மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. இந்த மேடுகள் மற்றொரு வகையிலும் உதவும். அதைப் பின்னே சொல்லுவோம்.

ஆழம் எதற்கு என்று கேட்பவர்க்கு ஒரு சிறு கணக்கு. 165 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர், 3 மில்லிமீட்டர் நீர் தேங்கிய சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்று கொள்வோம். நொடிக்கு 22 மீட்டர் உருளும். அந்த ஒரு நொடியில் அதன் பாதையில் குறுக்கிடும் நீர் ஏறத்தாழ 11 லிட்டர். முக்கால் குடம் என்றே சொல்லலாம். நான்கு சக்கரங்களுள் ஒவ்வொன்றும் நொடிதோறும் முக்கால் குடம் நீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். பள்ளம் இருந்தால் நீர் அதன்வழி ஓடும். பள்ளம் இல்லாவிட்டால் டயர் நீரின்மேல் ஏறி மிதக்கும். அப்போது பிரேக்கும் பிடிக்காது, ஸ்டீயரிங்கும் கேட்காது. மொட்டை டயர் காய்ந்த சாலையில் ஒழுங்காக ஓடுவதால் பலர் ஏமாறுகின்றனர். பெங்களூரின் அக்டோபர் மழையில், மேம்பாலத்தின் அடிவாரத்தில் நீர் தேங்கிய இடத்தில்தான் அதன் குணம் தெரியவரும். சட்டம் 1.6 என்றாலும் மழைக்காலத்துக்கு 3 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை நாம் வாங்குவதில்லை. பழைய டயர் வாங்கும்போது 5 மில்லிமீட்டராவது இருந்தால்தான் கொடுத்த பணத்துக்குப் பொருள் உண்டு. 3 மில்லிமீட்டர் உள்ள டயரைப் பாதி விலைக்கு வாங்குபவர், எஞ்சிய ரப்பருக்குப் புதிய டயரைவிட அதிக விலை கொடுக்கிறார் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும்.

தேய்ந்த விதத்தையும் காண்க. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் முன்னவர் காற்றை மிகுதியாக அடைத்து ஓட்டியவர். இரு விளிம்புகளும் தேய்ந்து நடு எழுந்து நின்றால் காற்றுக் குறைவாக ஓடியது. இதுவே மிகக் கொடியது, ஏனெனில் காற்றுக் குறைந்த டயர் உருளுந்தோறும் நெளிந்து சூடேறி உள்ளே வெந்திருக்கும். ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் அலைன்மென்ட் கெட்ட வண்டியிலிருந்து வந்தது. கையால் தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பம்போலவும் உறுத்தினாலும் அதே குறைதான். ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருப்பின் அதிர்வு தாங்கியோ பேலன்சிங்கோ பழுதுபட்ட வண்டியில் ஓடியது. அந்த டயரை நம் வண்டியில் மாட்டினால் குறை நம் வண்டியில் இல்லாவிட்டாலும் இரைச்சல் நம்முடன் வரும்.

சிலர் செய்யும் ஒரு தீச்செயலை இங்கே எச்சரிக்க வேண்டும். தேய்ந்த டயரின் பள்ளத்தைச் சூடான கத்தியால் மேலும் ஆழமாக வெட்டி, கறுப்புச் சாயம் பூசிப் புதியதுபோல் விற்பதுண்டு. லாரி டயர் சிலவற்றில் இவ்வாறு வெட்டுவதற்கென்றே கூடுதல் ரப்பர் வைத்து, அதனைப் பக்கச்சுவரில் குறித்தும் இருப்பர். கார் டயரில் அந்த இடமே கிடையாது. வெட்டும் கத்தி கம்பிவலைக்கு மிக அருகில் செல்லும். இதனைக் கண்டுபிடிக்க முன் சொன்ன தேய்மான மேடுகளைத் தேடுக. பக்கச்சுவரின் மேல்விளிம்பில் சிறு முக்கோணமோ அதற்கான எழுத்துகளோ மேடு இருக்கும் இடத்தைக் காட்டும். அக்குறிக்கு நேரே பள்ளத்தில் மேடு இல்லையாயின் கத்தி விளையாடியிருக்கிறது. பள்ளத்தின் அடி வழவழப்பாக அச்சில் வார்த்ததுபோல் இல்லாமல் கரடுமுரடாக இருந்தாலும் அவ்வாறே. பளபளப்புப் பூச்சைக் கண்டால் ஒரு ஈரத்துணி கேட்டுத் துடைத்துப் பார்ப்பது நல்லது. பூச்சின் அடியில்தான் முடிவெடிப்புகள் ஒளிந்திருக்கும். பக்கச்சுவரை இரு கைகளாலும் அழுத்தி வளைத்தால் அவை வாய் திறக்கும்.

ரீட்ரேடிங்கை இத்துடன் குழப்பிக்கொள்ளலாகாது. அஃது ஒளிவுமறைவற்ற நேர்மையான தொழில். தேய்ந்த மேற்பட்டையைச் சீவி, புதிய ரப்பர்ப் பட்டையை ஒட்டி வேகவைப்பது. இன்று உலகறிந்த எம்.ஆர்.எஃப். நிறுவனமே 1946இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கி, 1952இல் ரீட்ரேடிங்குக்கான பட்டை ரப்பரில் இறங்கித்தான் வளர்ந்தது. டயர் செய்தது அதன் பின்னரே. நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்கள் இக்கலையை நன்கறிந்தவர்கள். அவர்களும் ரீட்ரேட் டயரைப் பின் சக்கரங்களில் மாட்டுவார்களேயன்றி முன்னே மாட்டத் தயங்குவர். லாரி டயரின் உடற்கட்டு அதற்குத் தகுந்தது. குடும்பக் காருக்கு ரீட்ரேட் வேண்டா என்பதே நம் கருத்து.

வெளிமுகம் பார்த்து முடிந்தால் உள்முகம். வண்டியில் மாட்டாத டயரை வாங்குவதில் உள்ள ஒரே வசதி, அதன் வயிற்றைப் பார்க்கலாம் என்பதுதான். கைப்பேசியின் விளக்கை உள்ளே அடித்துச் சுற்றிலும் நோக்குக. உட்சுவரில் வளையமாகக் கறுத்த கோடும் ரப்பர்த் தூளும் காணப்பட்டால் காற்றில்லாமல் ஓட்டப்பட்ட டயர் அது. வெளியே எத்துணை அழகாக இருந்தாலும் வேண்டா. பஞ்சர் ஒட்டிய இடங்களை எண்ணுக. பட்டனின் நடுப்பகுதியில் முறையாக ஒட்டிய ஒரு பஞ்சர் குற்றமன்று. பக்கச்சுவரிலோ தோளிலோ ஒட்டியிருந்தால் தள்ளுபடி. பக்கச்சுவரில் நெல்லிக்காய்போல் புடைப்பு இருந்தால் உள்ளிழை அறுந்திருக்கிறது. குழியில் இடித்ததன் விளைவு அது, பெங்களூர்ச் சாலைகளில் அதற்குக் குறைவில்லை. ரிம்மில் அமரும் விளிம்புவளையம் கடப்பாரையால் நெம்பிக் கிழிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ட்யூப்லெஸ் டயருக்கு அங்கேதான் உயிர்நிலை.

பிறகு அளவு. 165/80 ஆர் 14 என்றால் அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 80 பங்கு, ரேடியல் வகை, ரிம்மின் குறுக்களவு 14 அங்குலம். அடுத்து 85 டி என்பது போல் ஒன்று வரும். 85 என்பது ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்ற குறி. டி என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம்வரை பொறுக்கும் என்ற குறி. சிறு கார்களின் 12 அங்குல டயரில் 74 என்று காணலாம். அது 375 கிலோ. வண்டிக்கு உரிய எண்ணுக்குக் குறைந்த டயரை மலிவுக்காக மாட்டினால், பாட்டியும் பேரப்பிள்ளைகளும் அரிசி மூட்டையும் ஏறிய நாளில் அது பொறுக்காது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும்.

டயர் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரைக் கேட்டால் பெரும்பாலோர் மறைக்காமல் சொல்லுகின்றனர் என்பது நம் அனுபவம். புதுக் கார் வாங்கிய இளைஞர் அகலமான டயர் மாட்டும் ஆசையால் ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத டயர்களைக் கழற்றிக் கொடுப்பார்; பழைய டயர்ச் சந்தையில் அதுவே முதல்தரம், நான்கும் ஒரே தேதியோடு இருப்பதைக் கொண்டு அறியலாம். கம்பெனி வாடகைக் கார்களிலிருந்து கழிந்தவை வயது குறைந்தவை, தேய்மானம் மிகுந்தவை. விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து வந்தவை அடிபட்டவை. அடி வெளியே தெரியாது. தனியொரு டயராக, பட்டன் முழுமையாக நிற்பது ஸ்டெப்னியாக இருந்திருக்கக் கூடும்.

இரண்டு மட்டும் வாங்குவோர் ஒரே தயாரிப்பு, ஒரே வரிவடிவம் உடைய இணையாக வாங்கி ஒரே அச்சில் மாட்டுக. எந்த அச்சில் என்ற கேள்விக்கு நம்மவர் பெரும்பாலும் 'முன்னே' என்பர். டயர் அறிஞர்கள் பின்னே என்கின்றனர். முன் சக்கரம் வழுக்கினால் ஓட்டுபவர் உணர்ந்து வேகத்தைக் குறைக்க முடியும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரம்போல் சுழலும், தேர்ந்த ஓட்டுநர்க்கும் அதை நேராக்குதல் அரிது. ஆகவே பள்ளம் ஆழமாக உள்ள இணை பின்புறம் செல்ல வேண்டும். மாட்டியபின் பேலன்சிங் செய்து, காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து, நகரத்துக்குள் இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்த பின்னரே ஊர்ப் பயணம். புறப்படும் நாளின் முந்தின மாலையில் டயர் வாங்குவது, நாம் செய்ததைப் போலவே, அறிவுடைமை ஆகாது.

இருசக்கர வண்டிக்குப் பழைய டயரே வேண்டா. நான்கில் ஒன்று போனால் மூன்று தாங்கும். இரண்டில் ஒன்று போனால் மனிதன்தான் தாங்க வேண்டும்.

அன்று காவேரிப்பட்டணத்தருகே அந்தத் தம்பியிடம், உரிந்த டயரை என்ன செய்வது என்று கேட்டோம். "இங்கேயே போட்டுட்டுப் போனா யாராவது எடுத்து வித்துடுவாங்க சார்" என்று சொல்லிக் கத்தியை எடுத்துப் பக்கச்சுவரை நான்கு இடங்களில் அறுத்தார். நமது டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்தார். ஸ்டெப்னி என்ற அச்சொல், 1904இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னித் தெருவில் உதிரிச் சக்கரம் செய்து விற்ற கடையின் பெயரால் வந்தது என்பதைப் பின்னாளில் படித்தோம். அன்று அதைப் பற்றி எண்ணும் நிலையில் இல்லை. தம்பி அதனையும் திருப்பித் துடைத்து எண்ணைப் படித்தார். 3110. வண்டியை நமக்கு விற்றவரின் காலத்திலிருந்தே அது அங்கே உறங்கிக் கொண்டிருந்தது. நாம் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை.

"தர்மபுரி வரைக்கும் நாற்பதிலே போங்க சார். அங்கே புதுசு ஒண்ணு போட்டுட்டு அப்புறம் கணவாய் இறங்குங்க" என்றார். அவ்வாறே சென்றோம்.